மணி அடிக்காத வகுப்பில் யார் தாக்குப்பிடிக்கிறார்கள்?

ஐ.ஐ.டி.கள் முதலானவை சேர்ந்து நடத்தும் இணையப் பாடத் திட்டமான என்பிடெல்லின் (NPTEL) படிப்புகளில் வார அசைன்மென்ட்டுக்குக் கெடு பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11:59. அன்றைக்குப் பத்து மணிக்கு மேல் ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரி விடுதிக்குப் போனால் மூன்று விதமான மாணவர்களைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமையே வீடியோக்களைப் பார்த்து, திங்கட்கிழமை அசைன்மென்ட்டை முடித்துவிட்டு, இப்போது வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சிலர். வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, கேள்விக்கும் வீடியோவுக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டிருப்பவர்கள் சிலர். டெலிகிராம் குழுவில் விடை வந்து விழும்வரை காத்திருந்து, 11:50க்கு நான்கில் ஒன்றாகத் தட்டி அனுப்பிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் மீதிப் பேர். மூவருக்கும் பேராசிரியர் ஒருவரே, வீடியோவும் ஒன்றே. அசைன்மென்ட் மதிப்பெண்ணைப் பார்த்தால்கூடப் பெரிய வேறுபாடு தெரியாது. பன்னிரண்டு வாரம் முடிந்து தேர்வு மையத்தில் கணினி முன்னால் உட்காரும்போதுதான் யார் படித்தார்கள் என்று தெரியும்.

ஏன் இப்படி என்று ஆசிரியர்களைக் கேட்டால், “அது அவனவன் குணம் சார்” என்ற பதில்தான் முதலில் வரும். அந்தப் பதில் பாதி சரி. இணையவழிப் படிப்பில் மாணவரின் குணத்துக்கும் அவர் பெறும் வெற்றிக்கும் தொடர்பு உண்டு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாம் பேசாமல் விடுவது மீதிப் பாதியைத்தான். அதே மாணவன் நேரடி வகுப்பில் சுமாராகவாவது தேறிவிடுகிறான். அங்கே அவ்வளவாகத் தெரியாத குணம் இணையத்துக்கு வந்ததும் ஏன் இப்படி முன்னால் வந்து நிற்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், மாணவனைத் திட்டுவதற்கு முன்னால் படிப்பு நடத்துபவர்கள் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

குணத்தை எப்படி அளக்கிறார்கள்

1936இல் கார்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், மனிதர்களை விவரிக்க உதவும் சொற்களை ஆங்கில அகராதியிலிருந்து பொறுக்கி எடுத்தார்கள். ஏறக்குறைய 18,000 சொற்கள் தேறின. எந்தெந்தச் சொற்கள் ஒரே ஆளுக்குச் சேர்ந்தே பொருந்துகின்றன என்று புள்ளியியல் முறைகளால் சலிக்கும் வேலை அதற்கடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு நடந்தது. கடைசியில் ஐந்து பெரிய பரிமாணங்கள் மிஞ்சின. இன்றைக்கு மாணவர் குணம் பற்றி நடக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த ஐந்தைத்தான் வைத்துக்கொள்கின்றன.

எடுத்த வேலையை ஒழுங்காக, நேரத்துக்கு முடிக்கும் பொறுப்புணர்வு முதலாவது. புதியதைத் தெரிந்துகொள்ளும் ஆர்வம் இரண்டாவது. நாலு பேரோடு கலந்து பழகுவதில் ஊக்கம் பெறும் கலகலப்பு மூன்றாவது. விட்டுக்கொடுத்துப் போகும் இணக்கம் நான்காவது. எதற்கெடுத்தாலும் மனம் பதறும் தன்மை ஐந்தாவது. எல்லாரிடமும் ஐந்தும் இருக்கும், அளவுதான் மாறும். உயரத்தைப் போலத்தான் இதுவும். நெட்டை, குட்டை என்று இரண்டு சாதி கிடையாது, பெரும்பாலோர் நடுவில்தான் இருப்பார்கள்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. “உங்கள் பிள்ளை பார்த்துப் படிக்கும் வகையா, கேட்டுப் படிக்கும் வகையா?” என்று கேட்டு, அதற்கேற்ப இணைய வகுப்பு விற்பவர்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். அமெரிக்க உளவியலாளர் ஹரால்டு பாஷ்லரும் அவருடைய சகாக்களும் 2008இல் இந்தக் ‘கற்றல் பாணி’ ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்து, வகைக்கேற்பப் பாடம் நடத்தினால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். அதை நம்பிப் பணம் கட்டும் பெற்றோரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஐந்து பரிமாணக் குணம் வேறு, இது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சரி, ஐந்தில் எது படிப்போடு ஒட்டுகிறது? ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் போரோபாட், 70,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவு அடங்கிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் ஒரு பகுப்பாய்வு வெளியிட்டார். பொறுப்புணர்வுதான் முன்னால் நின்றது. இன்னும் முக்கியமானது, அறிவுத்திறனைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்தத் தொடர்பு அப்படியே நின்றது. தொடர்பின் அளவு ஏறத்தாழ 0.2 (தொடர்பே இல்லாவிட்டால் 0, முழுத் தொடர்பு என்றால் 1). கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு மாணவனைக் காட்டி இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று ஜோசியம் சொல்ல இது போதவே போதாது. ஆனால் ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும் அளவு அது. போரோபாட் பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நேரடி வகுப்புகளைப் பற்றியவை. இணைய வகுப்புகளை எடுத்த ஆய்வுகளிலும் மற்றக் குணங்கள் முன்னே பின்னே போனாலும், பொறுப்புணர்வு மட்டும் பெரும்பாலும் தன் இடத்தைவிட்டு நகர்வதில்லை.

ஒரு நாள் தாமதம்

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் உலக வறுமை பற்றி ஒரு பாடம் நடத்திவந்தார்கள். இருவரும் பின்னாளில், 2019இல், பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்கள். அந்தப் பாடத்தை 2013இல் எட்எக்ஸ் (edX) என்ற இணையப் பாடத் தளத்தில் உலகம் முழுவதற்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதில் சேர்ந்தவர்களின் தரவை வைத்து அவர்களே 2014இல் ஒரு சிறிய ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். பதிவுக்குக் குறித்த நாளுக்குள் சேர்ந்தவர்களையும், ஒரே ஒரு நாள் தள்ளிச் சேர்ந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு நாள் தாமதத்தால் பாடத்தில் எதுவும் போய்விடாது. வீடியோ எல்லாம் அங்கேயேதான் இருக்கும். ஆனாலும் அந்த ஒரு நாள் தாமதக்காரர்களில் சான்றிதழ்வரை போனவர்களின் பங்கு வெகுவாகக் குறைந்திருந்தது. முதல் நாளே தள்ளிப்போட்டவர் அடுத்தடுத்த வாரங்களிலும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

எனக்கு இந்த ஆய்வு பிடித்ததற்குக் காரணம், யாரிடமும் “நீங்கள் பொறுப்பானவரா?” என்று கேட்கவில்லை என்பதுதான். அப்படிக் கேட்டால் யார் இல்லை என்று சொல்லப் போகிறார்கள்? இங்கே நடத்தையே சாட்சி.

நேரடி வகுப்பில் ஒரு நாள் தாமதமாகச் சேர்ந்த மாணவன் என்ன ஆவான்? ஒன்றும் ஆகமாட்டான். அடுத்த நாள் முதல் ஒன்பது மணிக்கு வகுப்பில் இருப்பான். ஏன் இருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். கல்லூரிப் பேருந்து ஏழரைக்கு வரும். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுத விடமாட்டார்கள். பக்கத்து இருக்கை நண்பன், “டேய், ரெக்கார்ட் நோட் நாளைக்குக் கடைசி” என்பான். ஆசிரியர் நடுவகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்பார். இத்தனையும் சேர்ந்து ஒரு சராசரிப் பையனை இழுத்துக்கொண்டு போய்ப் பருவத்தேர்வில் உட்காரவைத்துவிடும். அவனுக்குள் இல்லாத ஒழுங்கைக் கல்லூரி வெளியிலிருந்து கொடுக்கிறது. பாடம் நடத்துவதைப் போலவே இதுவும் ஒரு கல்விப்பணி. யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் இதைப் பொதுவாகவே சொல்லியிருக்கிறார். சில சூழல்கள் வலுவானவை; என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அங்கே தெளிவாக இருக்கும். சிவப்பு விளக்கு எரியும் சந்திப்பில் போலீஸ்காரரும் நின்றால் பொறுமைசாலியும் அவசரக்காரரும் ஒரே மாதிரிதான் நிற்பார்கள், அங்கே குணம் தெரியாது. சில சூழல்கள் தளர்வானவை. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், அவரவர் இஷ்டம். குணம் வெளியே வருவது அங்கேதான். அலுவலக வேலைகளை வைத்துப் பிற்பாடு நடந்த ஆய்வுகளிலும், கட்டுப்பாடு தளர்ந்த வேலைகளில்தான் பொறுப்புணர்வுக்கும் வேலைத்திறனுக்கும் தொடர்பு கூடுதலாகத் தெரிந்தது.

வீடியோ வகுப்பு மிகத் தளர்வான சூழல். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதுதான் அதன் சிறப்பு, அதன் சிக்கலும் அதுதான். நேரடி வகுப்பு தூக்கிச் சுமந்த நேர ஒழுங்கு, நினைவூட்டல், கண்காணிப்பு, துணை ஆகிய அத்தனையும் இங்கே மாணவனின் தோளுக்கு மாறிவிடுகின்றன. சுமக்கத் தெரிந்தவன் சுமக்கிறான். ஆக, இணையப் படிப்பு மாணவனின் குணத்தை மாற்றுவதில்லை. அவன் குணத்தை இதுவரை தாங்கிக்கொண்டிருந்ததை எடுத்துவிடுகிறது. நான் சொல்ல வருவதின் சாரமே இதுதான்.

பாதியில் போனவர்கள் எல்லாரும் தோற்றவர்களா?

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சரிபார்த்துவிட வேண்டும். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் வழியே நடத்திய பாடங்களின் ஆறு ஆண்டுத் தரவை ஜஸ்டின் ரீச், ஹோஸே ருய்பெரெஸ்-வலியென்டே ஆகியோர் 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். 2017–18இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3.13 சதவீதம் மட்டுமே. இந்த எண்ணைக் காட்டி இணையக் கல்வியே தோல்வி என்பவர்கள் உண்டு. ஆனால் அதே ஆண்டில், சான்றிதழுக்குப் பணம் கட்டிச் சேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேர் முடித்திருக்கிறார்கள். ரீச் அதற்கு முன்பு ஹார்வர்டின் ஒன்பது பாடங்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், “முடிக்க வேண்டும் என்றுதான் சேர்கிறேன்” என்று தொடக்கத்திலேயே சொன்னவர்களில் 22 சதவீதம் பேர் சான்றிதழ் வாங்கினார்கள். சும்மா எட்டிப்பார்க்க வந்ததாகச் சொன்னவர்களில் 6 சதவீதம்.

எட்டிப்பார்க்க வந்தவரைத் தோற்றவர் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. நூலகத்தில் நாலு புத்தகத்தைப் புரட்டிவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துப் போகிறவரை யாரும் அப்படிச் சொல்வதில்லையே. ஆனாலும் முடிக்க வேண்டும் என்று எண்ணி வந்தவர்களிலேயே நான்கில் மூன்று பேருக்கு மேல் முடிக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. எண்ணம் இருந்திருக்கிறது, அதைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போக எதுவோ போதவில்லை.

ஐந்தில் இரண்டாவதான ஆர்வத்தின் பங்கும் இங்கேதான் வருகிறது. புதுப் பாடத்தில் சேரவைப்பது ஆர்வம். ஏழாவது வாரத்தில், நேர்கோட்டு இயற்கணிதம் வறண்டுபோன இடத்தில், மீண்டும் உட்காரவைப்பது பொறுப்புணர்வு. ஒரே ஆளிடம் ஆர்வம் நிறையவும் பொறுப்புணர்வு குறைவாகவும் இருக்கலாம். பாதியில் நிற்கும் ஆறேழு படிப்புகளின் பட்டியல் கணக்கில் தெரிகிற பிள்ளைகளைப் பாருங்கள், பெரும்பாலும் கெட்டிக்காரப் பிள்ளைகளாகவே இருப்பார்கள்.

கலகலப்பான மாணவர்களைப் பற்றி ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. நண்பர்களோடு பேசிப் பேசிப் படித்துப் பழகியவருக்குத் தனியறை வீடியோ சலிப்பூட்டும் என்பது புரிகிறது. அதே நேரத்தில், வகுப்பில் கை தூக்கக் கூச்சப்படும் பெண், கேள்வியை எழுதி அனுப்பும் வசதி கிடைத்ததும் தெளிவான கேள்விகளாகக் கேட்பதையும் ஆசிரியர்கள் பார்த்திருக்கிறார்கள். யோசித்து, எழுதி, அழித்து, திருத்தி அனுப்ப அங்கே அவகாசம் இருக்கிறது. இணக்கம், குழு வேலை நிறைய உள்ள பாடங்களில் உதவும். தனியாகப் படிக்கும் இடத்தில் அதற்குப் பெரிய வேலை இல்லை.

பதற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கேமரா வழியே கண்காணித்து வீட்டிலிருந்தே தேர்வு எழுதவைக்கும் முறை தொற்றுக்காலத்தில் எங்கும் பரவியது. இயல்பிலேயே தேர்வு பயம் அதிகமுள்ள மாணவர்களின் மதிப்பெண் அந்த முறையில் குறைவதாகத் தொற்றுக்கு முன்பே, 2019இல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு ஆய்வு காட்டியிருந்தது. பக்கத்து அறையில் தம்பி சத்தம் போட்டால்கூடக் காப்பியடித்ததாக நினைத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே எழுதும் பிள்ளை, தெரிந்த கணக்கையே தப்பாகப் போடும். இதில் அந்தப் பிள்ளையின் குணத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

குணமா, கைபேசியா?

நம் ஊரில் இந்த விஷயத்தைப் பேசும்போது மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். அசைன்மென்ட் போடவில்லை, வகுப்புக்கு வரவில்லை என்றால் உடனே பொறுப்பில்லாதவன் என்று முத்திரை குத்திவிடுகிறோம். ஆனால் தாமதத்துக்கு வேறு காரணங்கள் ஏராளம்.

2021ஆம் ஆண்டின் ‘அசர்’ கல்வி நிலை அறிக்கை, நாட்டின் கிராமப்புறங்களில் பள்ளி செல்லும் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருப்பதாகச் சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் போன் இருக்கும் வீடுகளிலும், ஏறத்தாழ நான்கில் ஒரு பிள்ளைக்கு அது கைக்குக் கிடைப்பதே இல்லை. போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வரும்போது சார்ஜ் பத்து சதவீதம் இருக்கும். அண்ணனுக்குப் பத்தாம் வகுப்பு என்றால் முதல் உரிமை அவனுக்கு. தங்கையின் முறை வரும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும், அதற்குள் அவள் பாத்திரம் தேய்த்து முடித்திருக்க வேண்டும். அவளுடைய வீட்டுப்பாடம் தாமதமாக வந்தால் அதை அவளுடைய குணமாக எழுதிவைப்பது பெரிய அநியாயம்.

அளவுகோலிலேயே ஒரு கோளாறும் இருக்கிறது. ஐந்து பரிமாணக் கேள்வித்தாள்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியக் கல்லூரி மாணவர்களை வைத்துச் சரிபார்க்கப்பட்டவை. ரஷீத் லஜாஜ் தலைமையிலான குழு, வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள 23 நாடுகளில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவு, இந்தக் கேள்வித்தாள்கள் அங்கே தாம் அளப்பதாகச் சொல்லும் குணங்களைச் சரியாக அளக்கவில்லை என்பதுதான். கேள்வி எப்படிக் கேட்கப்பட்டாலும் தலையாட்டிவிடும் பழக்கம், கேட்பவர் முன்னால் நல்லபடியாகத் தோன்ற வேண்டும் என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்து விடையைக் கலக்கிவிடுகின்றன. ஆகவே, சேர்க்கையின்போதே ஒரு குணச்சோதனை வைத்து யார் யார் இணையப் படிப்புக்குத் தகுதி என்று பிரிக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து ஏற்காதீர்கள். தொகுதியாகப் பார்க்கும்போது உண்மை சொல்லும் எண், தனி ஒரு பிள்ளையின் கதவை மூடப் பயன்படக் கூடாது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சமுதாயக் கல்லூரிகளில் 40,000க்கும் மேற்பட்ட மாணவர்களைத் தொடர்ந்த டீ ஷூ, ஷானா ஜாகர்ஸ் இருவரின் ஆய்வும் இதையே வேறு பக்கமிருந்து சொல்கிறது. ஒரே மாணவர் நேரடிப் பாடத்தில் எப்படிச் செய்கிறார், இணையப் பாடத்தில் எப்படிச் செய்கிறார் என்று பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லாருமே இணையத்தில் கொஞ்சம் இறங்கினார்கள். ஆனால் ஆண்கள், வயதில் இளையவர்கள், கறுப்பின மாணவர்கள், முன்பே மதிப்பெண் குறைந்தவர்கள் கூடுதலாக இறங்கினார்கள். ஏற்கெனவே இருக்கும் இடைவெளியை இணையம் இன்னும் அகலமாக்கியது.

கலப்பு முறை எதைத் திருப்பித் தருகிறது

அமெரிக்கக் கல்வித் துறை 2010இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு, இணையமும் நேரடி வகுப்பும் கலந்த படிப்புகள் வெறும் நேரடி வகுப்புகளைவிடச் சற்று நல்ல பலன் தந்ததாகக் கண்டது. கூடவே ஒரு எச்சரிக்கையும் வைத்தது: கலப்பு வகுப்பு மாணவர்கள் பல சமயம் கூடுதல் நேரம் படித்திருக்கிறார்கள், கூடுதல் பயிற்சிகளும் பெற்றிருக்கிறார்கள். அதனால் பலன் முழுவதும் தொழில்நுட்பத்தின் வரவில் சேராது.

டெல்லியில் 2015இல் நடந்த ஒரு சோதனையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் ‘மைண்ட்ஸ்பார்க்’ மையங்களை ஆராய்ந்தார்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் மையத்துக்கு வருவார்கள். 45 நிமிடம் கணினியில் அவரவர் நிலைக்கேற்ற பாடம், 45 நிமிடம் ஆசிரியர் உதவியோடு குழுவாகப் படிப்பு. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. சராசரி வருகை 58 சதவீதம்தான், அதற்கே இந்தப் பலன். மென்பொருள் நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளை ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு, மற்றப் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தது என்பதையும் சேர்த்துத்தான் நான் இதைப் பார்ப்பேன்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னும் பெரிய சான்று இருக்கிறது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. இடையில் கல்வித் தொலைக்காட்சி ஓடியது, வாட்ஸ்அப்பில் பாடம் வந்தது. இருந்தும் கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பு வெகுவாகப் பின்தங்கியிருந்தது. அப்போது தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் ஊரிலேயே இருக்கும் தன்னார்வலர், பெரும்பாலும் படித்த இளம்பெண், மாலை வேளையில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தார். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, முரளிதரன் மூவரும் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து செய்த ஆய்வின்படி, பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, துல்லியமாக 24 சதவீதம், இந்தத் திட்டத்தால் வந்தது. திரையில் பாடம் முன்பும் இருந்தது. பள்ளி திறந்ததும், பேர் சொல்லிக் கூப்பிட ஒரு அக்கா வந்ததும்தான் புதிது.

கல்லூரி நிலையில் இதே எண்ணத்தை வடிவமைப்பிலேயே கொண்டுவந்தது சென்னை ஐ.ஐ.டி.யின் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு. 2020 ஜூன் 30இல் அறிவிக்கப்பட்டபோது பலருக்கு ஆச்சரியம்: ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு வேண்டாம், வயது வரம்பு இல்லை. பதிலுக்கு என்ன வைத்தார்கள் என்றால், நான்கு வாரப் பாடம். வாராவாரம் வீடியோ பார்த்து அசைன்மென்ட் போட வேண்டும். அதில் குறைந்தபட்ச சராசரி எடுத்தால்தான் தகுதித் தேர்வே எழுத முடியும். மூன்று மணி நேர நுழைவுத் தேர்வு அளக்காத ஒன்றை இந்த நான்கு வாரம் அளக்கிறது. இணையப் படிப்பு எதைக் கேட்கப்போகிறதோ அதையே முதலில் செய்துபார்க்கச் சொல்கிறது. உனக்குப் பொறுப்பு இருக்கிறதா என்று கேள்வித்தாள் நீட்டுவதைவிட இது எவ்வளவோ கண்ணியமானது. முடியாமல் போனால் மறுபடி வரலாம். அப்புறம், வீடியோவும் அசைன்மென்ட்டும் மட்டும்தான் இணையத்தில். வினாடி வினாக்களும் பருவத்தேர்வும் நேரில், தேர்வு மையத்தில்.

என்பிடெல்லிலும் இப்படி ஒரு சட்டகம் இருக்கிறது. அசைன்மென்ட்டுக்கு 25, மேற்பார்வையோடு நடக்கும் தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் பாடத்தில் நல்ல எட்டு அசைன்மென்ட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், ஆகவே ஒன்றிரண்டு வாரம் காய்ச்சலில் படுத்தாலும் பாதகமில்லை. தேர்வில் 75க்கு 30 எடுக்காமல் சான்றிதழ் கிடையாது. பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். அந்தக் கட்டணத்தைக் கட்டிவிட்டாலே படிப்பின் மேல் ஒரு பிடிப்பு வந்துவிடுகிறது என்பதை மாணவர்களே சொல்வார்கள். இதில் ஓட்டை விழுந்திருப்பது ஒரே இடத்தில்தான். வார அசைன்மென்ட்டின் விடைகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வாராவாரம் உட்காரவைப்பதற்காக வைத்த கெடு, பலருக்கு வெறும் ஐந்து நிமிடத் தட்டலாகிவிட்டது. பொறுப்பைத் தாங்கிப்பிடிக்க வைத்த முட்டு இப்படி உளுத்துப்போனால், மறுபடி குணம் ஒன்றுதான் மிஞ்சும்.

சின்ன உந்துதல் போதுமா?

போதாது. ரெனே கிசில்செக் உள்ளிட்ட குழு, ஏறத்தாழ 250 இணையப் பாடங்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இரண்டரை ஆண்டு நடத்திய சோதனை 2020இல் வெளியானது. எந்த நாளில், எந்த நேரத்தில் படிப்பாய் என்று தொடக்கத்திலேயே எழுதச் சொல்வது போன்ற சின்னச் சின்ன உத்திகளை அவர்கள் முயன்றார்கள். முன்பு சிறு அளவில் நன்றாக வேலை செய்தவை அவை. இவ்வளவு பெரிய அளவில் பார்த்தபோது, திட்டம் எழுதியவர்கள் முதல் சில வாரங்கள் கூடுதலாகப் படித்தார்கள். கடைசியில் முடித்தவர்கள் எண்ணிக்கை சொல்லும்படி கூடவில்லை. உந்துதல் கொஞ்ச நாள்தான் நின்றது.

குணம் மாறவே மாறாது என்றும் நினைக்க வேண்டாம். பிரென்ட் ராபர்ட்ஸும் சகாக்களும் 2006இல் தொகுத்த நீண்டகால ஆய்வுகளின்படி, பொறுப்புணர்வு இருபது வயதுக்குமேல் நாற்பதுவரை படிப்படியாகக் கூடுகிறது. வேலை, குடும்பம் என்று பொறுப்புகள் ஏறும்போது குணமும் கூடவே ஏறுகிறது. பதினெட்டு வயதுப் பையனிடம் முப்பத்தைந்து வயதுக்காரரின் ஒழுங்கை எதிர்பார்த்துப் படிப்பை வடிவமைத்தால் கோளாறு வடிவமைப்பில்தான். வேலைக்குப் போய்க்கொண்டே இரவில் இணையத்தில் படிக்கும் பெரியவர்களோடு கல்லூரி முதலாண்டு மாணவர்களை ஒப்பிட்டுத் திட்டுவதும் இதனால்தான் பொருந்தாது.

அப்படியானால் கல்லூரி என்ன செய்யலாம்? நிறையக் கல்லூரிகளில் என்பிடெல் கிளையும் அதற்கென்று வழிகாட்டி ஆசிரியர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். முதல் மூன்று வார அசைன்மென்ட் பட்டியலை அவர்கள் எடுத்துப் பார்த்தாலே போதும். இரண்டு வாரம் தொடர்ந்து விட்டவர்களைக் கூப்பிட்டு, “ஏன் போடலை?” என்பதற்கு முன்னால், “போன் இருக்கா, நெட் இருக்கா, எங்கே உட்கார்ந்து படிக்கிறே?” என்று கேட்கலாம். வாரத்தில் ஒரு மாலை, கணினி ஆய்வகத்தை இரண்டு மணி நேரம் திறந்துவைத்து, அந்தப் பாடம் எடுத்தவர்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து வீடியோ பார்க்கலாம். புரியாத இடத்தில் நிறுத்தி நாலு பேர் விவாதிக்கலாம். ஆசிரியர் பாடம் நடத்தக்கூட வேண்டாம், இருந்தால் போதும். அசைன்மென்ட் கேள்விகளில் ஒன்றிரண்டை எடுத்து, அங்கேயே கரும்பலகையில் யாராவது ஒருவர் போட்டுக் காட்டச் சொல்லலாம். விடையை இறக்கிக்கொண்டவனுக்கும் படித்தவனுக்கும் உள்ள வேறுபாடு அப்போது பன்னிரண்டாவது வாரம்வரை காத்திருக்காமல், மூன்றாவது வாரத்திலேயே, திருத்திக்கொள்ள இன்னும் நேரமிருக்கும்போதே தெரிந்துவிடும்.